போன், போலீஸ், ஆதார், அந்தரங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை இந்தியச் சட்டத்தைப் பற்றிய கேள்விகள். இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அதைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும். சட்டம் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். கம்பெனிகளைப் பிடிக்க வேண்டிய இடத்தில் நம் சட்டம் தாமதமாகவேனும் வந்து சேர்கிறது. அரசாங்கத்தைப் பிடிக்க வேண்டிய இடம் வந்தால் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பதில்களைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையா? அரசியல் சாசனத்தில் அந்த வார்த்தையே இல்லையே?

இல்லைதான். 21-ஆவது பிரிவில் உயிரும் தனிமனித சுதந்திரமும் மட்டுமே இருக்கின்றன. அவற்றுக்குள் அந்தரங்கமும் அடங்குமா என்று முடிவுசெய்ய உச்ச நீதிமன்றத்துக்கு அறுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் 8 நீதிபதிகள், சோதனை போடும் அதிகாரத்தைத் தடுக்க அந்தரங்க உரிமை என்று ஒன்றை நம் சாசனத்தில் தேட முடியாது என்றார்கள். 1962-இல் கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேச போலீஸ் ஒருவரைச் சரித்திரப் பதிவேட்டில் சேர்த்து, ராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. 6 நீதிபதிகள் அமர்வு கதவைத் தட்டுவதை மட்டும் ரத்து செய்தது. பின்தொடர்ந்து கண்காணிப்பதை விட்டுவிட்டது. அன்றைக்கே மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் கே. சுப்பா ராவ். சென்னையில் வழக்கறிஞராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். அந்தரங்கம் தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத அங்கம் என்று அவர் எழுதியது 55 வருடம் கழித்துத்தான் சட்டமானது.

ஆதாரை எதிர்த்து கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் வழக்குப் போட்டார். 2015-இல் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் எழுந்து நின்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல, 8 நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். 8 பேர் சொன்னதை மாற்ற 9 பேர் வேண்டும். அப்படித்தான் அந்த 9 நீதிபதிகள் அமர்வு பிறந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 பேரும் ஒருமனதாக, அது அடிப்படை உரிமைதான் என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டக் கூடாது. கீழே வரும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கப்படுகின்றன.

இடையில் ஒரு தகவல். காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றத்துக்கே வர முடியாது என்ற, நெருக்கடி நிலைக் காலத்து ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பும் இதே வழக்கில்தான் தூக்கி எறியப்பட்டது. அந்தப் பழைய பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். அது கடும் தவறு என்று 2017-இல் எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

அதற்கு முன்னால் இந்த உரிமையே இல்லையா?

இருந்தது, தளர்வாக. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைத் தன்பாட்டில் விடச் சொல்லும் உரிமை உண்டு என்றது. ஆனால் தங்களுக்கு அவமானம் வரும் என்பதற்காக அதிகாரிகள் முன்கூட்டியே ஒரு வெளியீட்டை நிறுத்த முடியாது என்றும் சொன்னது.

அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. ஒரு விஷயம் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அதன்மேல் அந்தரங்கம் கோர முடியாது, பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்களின் பெயர் போன்றவை தவிர. கூகுள் இல்லாத காலத்தில் எழுதிய அந்த வரி இன்றைக்கு எப்படி வந்து நிற்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஆதார் நகலைக் கேட்கும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் தீர்ப்பு 4-க்கு 1 என்று வந்தது. அரசு மானியத்துக்கும் பான் அட்டைக்கும் ஆதார் செல்லும். தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57-ஆவது பிரிவு செல்லாது. வங்கிக் கணக்கிலும் சிம் கார்டிலும் கட்டாயமாக இணைக்கச் சொன்னதும் செல்லாது. அடுத்த வருடமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கொடுத்தால் வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் பயன்படுத்தலாம் என்று வேறு வாசல் வழியாக அதைக் கொண்டுவந்தது. விருப்பம் என்று எழுதியிருக்கும். கவுண்டரில் நிற்பவருக்கு அது தெரியாது.

லாட்ஜிலோ வாடகை வீட்டிலோ அடையாளம் கேட்டால் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை என்று எதை வேண்டுமானாலும் காட்டலாம். ஆதார்தான் கொடுப்பேன் என்றால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. மக்கள் மிரண்டுபோனதைப் பார்த்து, இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். முதலில் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதா, இல்லையா?

வந்துவிட்டது, ஆனால் முழுதாக வரவில்லை. 2017 தீர்ப்பை ஒட்டி நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் ஒரு வரைவு கொடுத்தது. 2019-இல் ஒரு மசோதா வந்தது. கூட்டுக் குழு அதை இரண்டு வருடம் அலசியது. 2022 ஆகஸ்டில் அரசே திரும்பப் பெற்றது. புதிதாக எழுதிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பர் நடுவில்தான் வெளியாயின. விதிகளின்படி தரவுப் பாதுகாப்பு வாரியம் உடனே அமைய வேண்டும். நிறுவனங்கள் செய்ய வேண்டிய முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே.

இந்தச் சட்டம் எல்லோரையும் 'அவள்' என்றே குறிக்கிறது. இந்தியாவில் ஒரு நாடாளுமன்றச் சட்டம் இப்படி எழுதப்பட்டது இதுவே முதல்முறை. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே தமிழில் கொடு என்று கேட்பது சலுகை அல்ல.

கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பில் வராது என்கிறார்கள்.

வரும். நம்பர் கொடுக்காததால் பில் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. "மெஷின்ல நம்பர் போடாம போகாது" என்று சொன்னால், அது கடைக்காரரின் மென்பொருள் பிரச்சினை. பெரும்பாலான இடங்களில் பத்து ஒன்பதுகளைத் தட்டி வேலையை முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

புதிய சட்டத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மருந்துக் கடையில் மருந்து வாங்கி, ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லித் தானாக நம்பர் கொடுக்கிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். கொடுத்த காரியம் அதுதான். அதே நம்பருக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்ப வேண்டுமானால் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

ஆப் கேட்ட எல்லாவற்றுக்கும் 'அனுமதி' அழுத்திவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

இந்த இடத்தில் சட்டம் நன்றாகவே இருக்கிறது. இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் ஆப் ஒன்று, மருத்துவ ஆலோசனைக்கான தகவலோடு சேர்த்து போனில் உள்ள தொடர்பு எண்கள் முழுவதையும் கேட்கிறது. நீங்கள் இரண்டுக்கும் சரி என்கிறீர்கள். ஆனாலும் மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், உங்கள் சம்மதம் முதலாவதற்கு மட்டும்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் அழுத்திய பட்டனை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

உடனடிக் கடன் ஆப்கள் தொடர்பு எண்களை உறிஞ்சி, தவணை தவறியவரின் மாமனார் முதல் மேனேஜர் வரை போன் போட்டு அசிங்கப்படுத்தியதெல்லாம் நாம் பார்த்ததுதான். இந்தப் பிரிவு ஒழுங்காக அமலானால் முதலில் அடிவாங்க வேண்டியவர்கள் அவர்கள்.

பிள்ளைகளுக்கு?

18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. நோக்கம் சரி. ஆனால் பதினேழு வயதுப் பையனையும் ஏழு வயதுக் குழந்தையையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். போன் விஷயத்தில் அப்பா அம்மாவுக்கே பிள்ளைதான் சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் யார் யாருக்குச் சம்மதம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

என் தகவல் கசிந்துவிட்டால் நஷ்டஈடு கிடைக்குமா?

இதுதான் புதிய சட்டத்தின் பெரிய ஓட்டை. அதிகம் பேசப்படாததும்கூட.

2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் கசிந்தன. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவர் சொல்லிக்கொண்டார். டெலிகிராமில் ஒரு சாட்பாட். கேட்டால் மருத்துவப் பரிசோதனை முடிவு, முகவரி, அடையாள அட்டை நகல் என்று எடுத்துக் கொடுத்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராமுக்கும் ஊடுருவியவருக்கும் எதிராக இடைக்கால உத்தரவு வாங்கியது. சரி, தகவலைப் பறிகொடுத்த வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கும்?

பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில் ஒரு வழி உண்டு. உடல்நிலை, வங்கி விவரம் போன்றவற்றை ஒரு நிறுவனம் அஜாக்கிரதையாக வைத்திருந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடு கேட்கலாம். எந்த மாநிலமானாலும் அதன் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் தீர்ப்பளிக்கும் அதிகாரி. இந்த அதிகாரியிடம் போய் ஜெயித்த ஆரம்பகால வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டில்தான் நடந்தது. தூத்துக்குடிக்காரர் ஒருவர், வங்கி அனுப்பியதுபோல் வந்த போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்தார். 2010 ஏப்ரலில் தமிழகச் செயலர், வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். பிடிபட வேண்டியவர் திருடன்தானே, எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை.

புதிய சட்டம் முழுதாக அமலாகும் நாளில் 43-ஏ காணாமல் போகும். அதற்குப் பதில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த அபராதம் போய்ச் சேருவது இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு. தகவலைப் பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஒரு பைசாவும் இல்லை. பொய்ப் புகார் கொடுத்தால் புகார்தாரருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள்.

நல்ல மாற்றம் ஒன்றும் இருக்கிறது. கசிவு நடந்தால் மறைக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் 200 கோடி வரை அபராதம்.

போலீஸ் போனை வாங்கி பாஸ்வேர்ட் கேட்டால் சொல்ல வேண்டுமா?

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. 1961-இல் காதி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள், கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது என்றார்கள். அவை உடம்பில் இருப்பவை, மனதில் இருப்பவை அல்ல. 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் ஊசி போடக் கூடாது என்றது. அது மனதுக்குள் கைவிடுவது. பாஸ்வேர்ட் இதில் எந்தப் பக்கம்? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல், பாஸ்வேர்டைச் சொல்வது சாட்சி சொல்வது ஆகாது, ஆனால் போனைச் சோதிக்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது. அடுத்த வருடம் டெல்லியில் ஒரு சிபிஐ சிறப்பு நீதிமன்றம், பாஸ்வேர்ட் மனதில் இருப்பது, அதைக் கட்டாயப்படுத்த முடியாது; விரல் ரேகையை வைத்துத் திறக்கலாம் என்றது. இப்போதைக்கு எண்ணால் பூட்டிய போனுக்கு ஒரு சட்டம், விரலால் பூட்டிய போனுக்கு இன்னொரு சட்டம் என்ற கூத்து நடந்துகொண்டிருக்கிறது.

நடைமுறை இதுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின்படி விசாரணைக்குத் தேவையான கருவியை ஒப்படைக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு தரலாம். 105-ஆவது பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். வீடியோ எடுக்கச் சொல்லி நீங்களும் கேட்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் முறைப்படி உத்தரவு வந்து, அதற்கு உதவ மறுத்தால் 7 வருடம் வரை சிறை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ரோட்டில் வண்டியை நிறுத்தி, காரணம் சொல்லாமல், "போனைக் காட்டு" என்பது இதில் எதிலும் சேராது. 2021-இல் ஹைதராபாதில் போலீசார் வழியில் போனவர்களின் போனை வாங்கி வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று தட்டித் தேடிய வீடியோ பரவியது. அப்படித் தேட எந்தச் சட்டமும் இல்லை. அதை அங்கேயே நின்று வாதாடுவது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. அதிகாரியின் பெயர், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு வந்து மேலதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுப்பது நல்லது.

என் போனை ஒட்டுக்கேட்க யாருக்கு அதிகாரம்?

உள்துறைச் செயலருக்கு. மத்திய அரசானால் மத்தியச் செயலர், மாநிலமானால் மாநிலச் செயலர். நீதிபதிக்கு இதில் வேலையே இல்லை. 1885-இல் தந்திக்காக எழுதிய சட்டம்தான் 5(2) பிரிவு வழியாக செல்போன் காலம்வரை ஓடியது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம் என்பது அதன் நிபந்தனை. 1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சில வேலிகள் போட்டது: யார் உத்தரவிடலாம், எத்தனை நாள் செல்லும், இரண்டு மாதத்துக்குள் ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று. அந்தக் குழுவில் இருப்பவர்களும் அரசு அதிகாரிகள்தான். பத்து வருடங்களுக்கு முந்தைய ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) பதிலின்படி மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சில அதிகாரிகள் கூடி அத்தனையையும் படித்து மறுஆய்வு செய்வார்கள் என்று நம்புவது உங்கள் இஷ்டம்.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னார். லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-இல் ஒரு கம்பெனி நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்றால் சாதாரண மனிதனின் கண்ணுக்கே தெரியும் ஆபத்து. ரகசியமாக ஒரு குற்றத்தைத் துப்பறிய அந்த வார்த்தைகளை இழுத்து நீட்ட முடியாது என்றார். பதிவானவற்றை மறுஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை. உத்தரவை ரத்து செய்து, அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றார். இதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று நேர்மாறாகச் சொல்லியிருந்தது. எனக்கு சென்னைத் தீர்ப்பே சரியாகப் படுகிறது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் எழுதும்போது நாடாளுமன்றத்துக்கு இந்த இடத்தில் ஒரு நீதிபதியை உட்கார வைக்கும் வாய்ப்பு இருந்தது. பழைய ஏற்பாட்டையே புதுத்தாளில் எழுதி வைத்தார்கள்.

பெகாசஸ் விவகாரம் என்ன ஆயிற்று?

பெகாசஸ் என்ற இஸ்ரேலிய உளவு மென்பொருளால் இந்தியாவில் பலரின் போன்கள் வேவு பார்க்கப்பட்டதாக 2021 ஜூலையில் செய்தி வெளியானது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைக் காட்டினாலே நீதிமன்றம் ஒதுங்கிப் போய்விடாது என்று சொல்லி, முன்னாள் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. 29 போன்களைப் பரிசோதித்ததில் 5-இல் ஏதோ உளவு மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் தெரியவந்தது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதைத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் வாசித்தார்.

வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் விதி அமலில் இருக்கிறதா?

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருக்கிறது. வழக்கும் இருக்கிறது. இதன் வேர் சென்னையில். 2018-இல் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு வந்தது. விசாரணை மெல்ல ஆதாரை விட்டு, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதற்கு நகர்ந்தது. முடியும் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி யோசனை சொன்னார். ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. பிறகு விதி வந்தது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது; அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாங்கள் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். ஒருவரைத் தேட எல்லோருடைய செய்திக்கும் ரேகை எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். தேவையான அளவை மீறக் கூடாது என்ற 2017-ஆம் ஆண்டுச் சோதனையில் இது எப்படித் தேறும் என்று எனக்கு விளங்கவில்லை.

கணவன் மனைவிக்குள் அந்தரங்கம் உண்டா? விவாகரத்து வழக்கில் போன் பதிவைக் கொடுக்கலாமா?

குடும்ப நீதிமன்ற வாசலில் இன்று அதிகம் கேட்கப்படும் கேள்வி. பரமக்குடியில் ஒரு வழக்கு. கணவர் மனைவியின் அழைப்பு விவரப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்து, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழிலும் தானே கையெழுத்துப் போட்டு, விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்தார். 2024 அக்டோபர் 30 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமையில் கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கமும் அடக்கம். ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதை நீதிமன்றம் ஊக்குவிக்க முடியாது என்றார்.

ஒன்பது மாதத்தில் காற்று திசை மாறியது. மனைவியோடு பேசியதை ரகசியமாகப் பதிவு செய்த பஞ்சாப் கணவர் ஒருவரின் வழக்கில் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், அந்தப் பதிவு சான்றாகச் செல்லும் என்றது. வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டது என்றாலே அந்த மணவாழ்க்கை ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள் என்றது. மனைவிகளின் அந்தரங்கம்தான் இதில் அதிகம் அடிபடும் என்ற கவலை நியாயமானது. வீட்டுக்குள் நடந்த கொடுமையை நிரூபிக்க வேறு சாட்சி இல்லாத மனைவிக்கு இதே தீர்ப்பு கைகொடுக்கும் என்பதும் நியாயமானது. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது தாங்கள் இருவரும் பேசிக்கொண்டதன் பதிவு. மூன்றாம் ஆட்களோடு பேசிய விவரத்தை டெலிகாம் கம்பெனியிலிருந்து கள்ளத்தனமாக எடுப்பது அதற்குள் வராது என்றே நான் படிக்கிறேன்.

விடுதலையான பிறகும் கூகுளில் என் வழக்கு வருகிறது. எடுக்கச் சொல்லலாமா?

மேலே சொன்ன 1994 வரி இங்கேதான் குறுக்கே நிற்கிறது. பாலியல் குற்ற வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2021-இல் தனி நீதிபதி, அதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடும் இந்தியன் கானூன் தளத்திலிருந்து அந்தத் தீர்ப்பை எடுக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

தீர்ப்பு பொது ஆவணம். அதைத் தளத்திலிருந்தே எடுப்பது அதிகம் என்று நினைக்கிறேன். பெயரை மட்டும் மறைத்தால் சட்டத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 1994-இல் தீர்ப்பைப் பார்க்க நீதிமன்றப் பதிவறைக்குப் போய் மனுப் போட வேண்டும். இன்று பெண் பார்க்க வருவதற்கு முந்தின ராத்திரி பெயரைத் தட்டினால் போதும்.

என் அனுமதியில்லாமல் அந்தரங்கப் படம் பரவுகிறது. எங்கே போவது?

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். அந்தந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். படத்தை நீக்க 2021 விதிகள் முதலில் வகுத்த கெடுவே 24 மணி நேரம்தான். 2025-இல் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அமைச்சகத்துக்கே 48 மணி நேரக் கெடு விதித்தது. எடுக்க எடுக்க வேறு தளங்களில் முளைத்தது. அந்தப் பெண்ணை ஆண் போலீசார் சூழ நின்று வீடியோவைப் பார்த்து அடையாளம் காட்டச் சொன்னார்கள் என்பதையும் நீதிபதி கண்டித்தார். ஆகவே பெண் அதிகாரி வேண்டும், முதல் தகவல் அறிக்கையில் பெயர் வரக் கூடாது என்று முதலிலேயே கேளுங்கள்.

பக்கத்து வீட்டு சிசிடிவி எங்கள் வாசலைப் பார்க்கிறது.

வீட்டு உபயோகத்துக்குத் தனிநபர் எடுப்பது புதிய தரவுச் சட்டத்துக்குள் வராது. சிவில் வழக்குதான். ஒரே வீட்டில் குடியிருக்கும் மற்றவர் சம்மதிக்காமல் உள்ளே கேமரா வைக்கக் கூடாது என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 2025-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. முதலில் பேசிப் பாருங்கள். கேமராவைச் சற்றுத் திருப்ப ஐந்து நிமிடம்.

ஆர்டிஐ போட்டால் "தனிப்பட்ட தகவல், தர முடியாது" என்று பதில் வருகிறது. இதற்கும் அந்தரங்கச் சட்டத்துக்கும் சம்பந்தமா?

நேரடிச் சம்பந்தம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் முன்பு நிபந்தனைகள் இருந்தன. பொது வேலையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலாக இருந்தால்தான் மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுக்க வேண்டும். புதிய சட்டத்தின் 44(3) இதையெல்லாம் வெட்டிவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று ஆக்கியது. கவனியுங்கள்: கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம், இந்தத் திருத்தம் மட்டும் 2025 நவம்பரில் உடனடியாக அமல். 100 நாள் வேலைத் திட்டத்தில் கூலி வாங்கியவர்களின் பட்டியல், தரமில்லாத பாலத்துக்குக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பெயர் எல்லாம் இனி 'தனிப்பட்ட தகவல்' ஆகலாம். இதே சட்டத்தின் 17-ஆவது பிரிவில், நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்தே விலக்கிவைக்க மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டால் போதும். குடிமகனுக்கு என்று 9 நீதிபதிகள் தந்த கேடயத்தை அதிகாரி எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

வழி அடியோடு அடைபடவில்லை. 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. கேடு வருவதைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிறது. மனுவிலேயே 8(2)-ஐக் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். முதல் மேல்முறையீட்டில் அது உதவும்.

2027 வரை காத்திருக்காமல் இப்போதே புகார் கொடுக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, சொல்லப்போனால் இப்போதுதான் கொடுக்க வேண்டும். 43-ஏ நீக்கப்படும்வரை அது உயிரோடு இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் அஜாக்கிரதையால் உங்கள் வங்கி அல்லது மருத்துவத் தகவல் கசிந்து பணம் போயிருந்தால், 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. அவர் உத்தரவு பிடிக்காவிட்டால் 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. வங்கிக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஒப்புகை, பணம் போன நேரம் காட்டும் மெசேஜ், 1930-இல் கிடைத்த புகார் எண் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.